ஈரொலி சேர்ந்து ஓரெண் ஆகும்

(மாணவர்க்கான அறிவியற் கூட்டமொன்றில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)

என் முன்னே இப்பலகைமேல் ஒரு சிறு மரப்பெட்டி இருக்கின்றது. அதன் முகத்தில் நான்கு வரிசையாகப் பதினாறு விசைகள். பக்கத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி. உள்ளே ஒரு மின்கலமும் ஒரு நுண்கட்டுப்படுத்தியும் சில மின்தடைகளும் மின்தேக்கிகளும். ஒரு விசையை அழுத்துகின்றேன், கேளுங்கள். இவ்வொலி உங்களுக்குப் புதிதன்று. வங்கிக்கோ மருத்துவமனைக்கோ பேசும்போது 'எண் ஒன்றை அழுத்துக' என்று ஒரு குரல் சொல்ல, நாம் அழுத்த, காதில் விழுமே, அதே ஒலிதான். இப்பெட்டி தொலைபேசியின் எண்ணொலிகளை எழுப்பும் பெட்டி. இதனை என்னிடம் பயிலும் மாணவர் நால்வரும் நானும் எங்கள் கையாலேயே செய்தோம்.

செய்யத் தொடங்கிய முதல் நாளே அந்நால்வருள் ஒருவன் என்னைக் கேட்டான்: "ஐயா, இந்த ஒலி நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிலேயே இருக்கின்றதே! இதற்கெனவே செய்த சில்லும் கடையில் கிடைக்கின்றதே! பிறகு நாம் ஏன் கிழமைக்கணக்கில் பாடுபட வேண்டும்?"

நேர்மையான வினா. அன்று என்னால் அதற்கு நிறைவான விடை கூற இயலவில்லை. "செய்துபார், தெரியும்" என்று ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லித் தப்பும் சொல்லையே நானும் சொன்னேன். விடையைப் பின்னர் இப்பெட்டியே சொல்லிற்று. அதனை உங்கள்முன் வைக்கவே வந்திருக்கின்றேன்.

தொலைபேசி பேசும் மொழி

பழைய தொலைபேசியில் விரலை நுழைத்துச் சுழற்றும் தட்டு இருந்தது. அத்தட்டு திரும்பும்போது மின்னோட்டம் அறுபட்டு அறுபட்டுத் தொடரும். ஐந்து என்றால் ஐந்து துடிப்பு. சுழிக்குப் பத்துத் துடிப்பு. இம்முறை மெதுவானது. அன்றியும் அத்துடிப்பு உள்ளூர் இணைப்பகம் வரையில்தான் செல்லும். அதற்கு அப்பால் குரலைப்போல் நெடுந்தொலைவு செல்ல வல்லதன்று. ஆகவே குரல் செல்லும் வழியிலேயே எண்ணும் செல்லவேண்டுமாயின், எண்ணையும் ஒலியாக்கவேண்டும் என்று அமெரிக்காவின் பெல் நிறுவனத்து ஆய்வாளர் கருதினர். அவர்கள் வகுத்த ஒலிமுறை 1963-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது.

அம்முறை எத்துணை எளியது, எத்துணை நுட்பமானது என்பதைக் காண்க. விசைகளின் நான்கு கிடைவரிசைகளுக்கு 697, 770, 852, 941 என நான்கு அதிர்வெண்கள். நான்கு நெடுவரிசைகளுக்கு 1209, 1336, 1477, 1633 என நான்கு. ஒரு விசையை அழுத்தினால் அதன் கிடைவரிசைக்குரிய ஒலியும் நெடுவரிசைக்குரிய ஒலியும் ஒருசேர எழும். ஐந்தை அழுத்தினால் 770-உம் 1336-உம் ஒலிக்கும். ஒன்றுக்கு 697-உம் 1209-உம். ஈரொலி சேர்ந்து ஓரெண் ஆகும். நான்காம் நெடுவரிசை அமெரிக்கப் படைத்துறையின் தொலைபேசி வலையில் அழைப்புகளின் முந்துரிமையைக் காட்டப் பயன்பட்டது. அதனால்தான் நம் வீட்டுத் தொலைபேசிகளில் பன்னிரண்டு விசைகளே உள்ளன.

ஓரெண்ணுக்கு ஓரொலி போதாதா எனக் கேட்கலாம். போதாது. நாம் பேசும் பேச்சிலும், அருகில் ஒலிக்கும் பாட்டிலும், குழந்தையின் அழுகையிலும் தனியொலி ஒன்று தற்செயலாய் அமைந்துவிடும். அதனை எண்ணென்று கொண்டால் இணைப்பகம் ஏமாறும். வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்த ஈரொலிகள், ஒன்றன் மடங்காக மற்றொன்று அமையாத ஈரொலிகள், ஒரே நேரத்தில் ஒத்த வலிமையோடு எழுவது பேச்சில் மிக அரிது. அதனாலேயே அந்த எட்டெண்களும் அவ்வளவு ஒழுங்கற்றவைபோல் தோன்றுகின்றன. உண்மையில் அவை ஒழுங்கற்றவை அல்ல. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்தடுத்த எண்கள் ஏறத்தாழ 19-க்கு 21 என்னும் வீதத்தில் ஏறிச் செல்கின்றன.

பெட்டி பிறந்த வகை

இவ்வொலிகளை எங்ஙனம் எழுப்புவது? நாங்கள் எடுத்துக்கொண்டது அட்மெகா 328 என்னும் நுண்கட்டுப்படுத்தி. இருபத்தெட்டுக் கால்களையுடைய கருஞ்சில்லு. 32 கிலோபைட்டு நிரல் நினைவகம் உடையது. அதன் காலில் எழும் மின்னழுத்தம் இரண்டே நிலையுடையது: ஒன்று, 5 வோல்ட்டு, அன்றேல், ஒன்றுமில்லை. ஏறியும் இறங்கியும் வளைந்து செல்லும் ஒலியலையை 'உண்டு, இல்லை' என்னும் இரண்டே சொல் தெரிந்த ஒன்றிடமிருந்து எப்படிப் பெறுவது?

வயலுக்கு நீர் விடும் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையில் பாதித் திறப்பு என்பது கிடையாது. திறக்கலாம், மூடலாம், அவ்வளவே. ஆயினும் மிக விரைவாகத் திறந்து திறந்து மூடினால், திறந்திருக்கும் பொழுதின் அளவுக்கேற்ப வயலின் நீர்மட்டம் உயரும், தாழும். எங்கள் நுண்கட்டுப்படுத்தி தன் மடையை நொடிக்கு 62,500 முறை திறந்து மூடுகின்றது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு பொழுது திறந்திருக்க வேண்டும் என்பதை நிரல் சொல்லும். வெளியே ஒரு கிலோ ஓம் மின்தடை ஒன்றும் 33 நானோ பாரடு மின்தேக்கி ஒன்றும் வயலைப்போல் நின்று, அத்துடிப்புகளின் படபடப்பைத் தணித்து, வளைந்த அலையை மட்டும் ஒலிபெருக்கிக்கு விடுகின்றன.

திறந்திருக்கும் பொழுதை நிரல் எவ்வாறு அறியும்? ஓர் அலையின் வடிவத்தை 256 உயரங்களாக வெட்டி நினைவகத்தில் பட்டியலாக வைத்தோம். பிறகு 65,536 பற்களையுடைய ஒரு சக்கரத்தைக் கற்பனையில் அமைத்தோம். சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஓரலை முடியும். நொடிக்கு 62,500 முறை சக்கரம் சில பற்கள் நகரும். ஒவ்வொரு முறையும் 807 பற்கள் நகர்ந்தால் எழும் ஒலி 770 அதிர்வு. 1401 பற்கள் நகர்ந்தால் 1336 அதிர்வு. இரண்டு சக்கரங்களைச் சுழலவிட்டு, இரண்டின் உயரங்களையும் கூட்டி மடைக்குச் சொன்னால் ஐந்து என்னும் எண் பிறந்துவிடும். பற்களின் எண்ணிக்கையை முழுவெண்ணாக்குவதால் வரும் பிழை எந்த ஒலியிலும் அரை அதிர்வுக்கும் குறைவே. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எந்தப் பிள்ளையும் இக்கணக்கைத் தானே போட்டுப் பார்க்கலாம்.

ஒலி சரியா என்று ஆய்வதற்கு எம்டி 8870 என்னும் ஒலியறி சில்லை வாங்கி, அதன் நான்கு கால்களில் நான்கு சிறு விளக்குகளைப் பொருத்தினோம். சரியான ஈரொலி வந்தால் எண்ணுக்கேற்ப விளக்குகள் எரியும். சுழியை அழுத்தினால் அவ்விளக்குகள் பத்து என்று காட்டும். பழைய சுழல்தட்டின் பத்துத் துடிப்பு இன்னும் சுழிக்குள் உறங்குகின்றது என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம்.

என் பிழை

இனி, நான் வெட்கத்தோடு சொல்லவேண்டிய பகுதிக்கு வருகின்றேன்.

பெட்டி முடிந்தது. விசையை அழுத்தினோம். ஒலி இனிதே எழுந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. மீண்டும் அழுத்தினோம், எரியவில்லை. பற்றாசு வைத்தவன், முதல் நாள் என்னை வினவினானே அந்த மாணவன். அவன் வைத்த பற்றாசுதான் பழுது என்று நான் முடிவு கட்டினேன். "தம்பி, கவனமின்றிச் செய்திருக்கிறாய், பிரித்து மறுபடி வை" என்றேன். அவன் வாய்பேசாது பிரித்து வைத்தான். அப்பொழுதும் எரியவில்லை. இரண்டாம் முறையும் பிரிக்கச் சொன்னேன். அவன் பிரித்தான்.

மூன்றாம் நாள் அவன் ஒரு மேசைத் தொலைபேசியை எடுத்துவந்தான். அதில் ஐந்தை அழுத்திக் கேட்டான். எங்கள் பெட்டியில் ஐந்தை அழுத்திக் கேட்டான். மாறிமாறிப் பலமுறை கேட்டான். அவன் குழலிசைக் குடும்பத்துப் பிள்ளை. பிறகு என்னிடம் வந்து, "ஐயா, நம் பெட்டி கொஞ்சம் ஏறிப் பாடுகிறது" என்றான்.

அளந்து பார்த்தேன். 770 ஒலிக்கவேண்டிய இடத்தில் 801 ஒலித்தது, 1336-க்கு 1389. நூற்றுக்கு நான்கு ஏற்றம். ஒலியறி சில்லோ நூற்றுக்கு ஒன்றரைப் பங்குப் பிழையை ஏற்கும். மூன்றரைக்கு மேற்பட்டால் தள்ளிவிடும். பழுது பற்றாசில் இல்லை. என் தெரிவில் இருந்தது. நுண்கட்டுப்படுத்தியின் உள்ளேயே ஒரு காலங்காட்டி உண்டு. செலவு மிச்சம் என்று அதனையே நான் நம்பினேன். அதன் பிழை நூற்றுக்குப் பத்துவரை போகலாம் என்று செய்தவர்களே தம் கையேட்டில் எழுதியிருக்கின்றனர். நான் அதனைப் படித்தும் பொருட்படுத்தவில்லை. சில உருபாக்களே விலையுள்ள, 16 மெகா எர்ட்சில் அதிரும் குவார்ட்சுப் பளிங்கு ஒன்றை வெளியே பொருத்தினோம். அதன் பிழை பெரும்பாலும் இலக்கத்தில் ஐந்து பங்குக்குள் அடங்கும். பொருத்தி அழுத்தினோம், விளக்கு எரிந்தது.

அன்று அம்மாணவனிடம் தனியே வருத்தம் தெரிவித்தேன். குறை சொன்னது மற்ற மூவர் முன்னிலையில் அன்றோ? ஆகவே அது போதாது. இன்று இந்த அவையின்முன் சொல்கின்றேன்: அவன் பற்றாசில் குறையில்லை, குறை என்னுடையது.

கேட்டறிந்த சிறுவன்

ஒரு பிள்ளையின் காது ஆசிரியனின் முடிவைத் திருத்திற்று. இத்தகைய காது ஒன்று பெரியதொரு தொலைபேசி வலையையே திறந்துகாட்டிய செய்தியும் உண்டு.

அமெரிக்காவில் 1949-இல் பிறந்தவர் சோ எங்கிரேசியா. பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். தொலைபேசியே அவருக்கு விளையாட்டுப் பொருள். ஏழெட்டு அகவையில் ஒருநாள், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சீழ்க்கை அடித்தார். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அடித்தபோது இணைப்பு அற்றுப்போயிற்று. மீண்டும் அடித்தார், மீண்டும் அற்றது. அவ்வுயரம் 2600 அதிர்வு.

கரணியம் இதுதான். நெடுந்தொலைத் தடங்கள் பலவற்றில் ஆணைக்கெனத் தனிக்கம்பி போடவில்லை. பேச்சு செல்லும் வழியிலேயே ஆணையொலியும் சென்றது. தடம் வெறுமையாய் இருக்கிறது என்பதற்கு அடையாளம் 2600 அதிர்வொலி. அவ்வொலி கேட்டால், பேசியவர் வைத்துவிட்டார் என்று தொலைவிலுள்ள இணைப்பகம் கொள்ளும். ஒலி நின்றால், புதிய அழைப்பு வருகின்றது என்று எண்ணுக்குக் காத்து நிற்கும். இணைப்பகங்கள் தமக்குள் எண்ணைச் சொல்லிக்கொள்ளவும் ஒலிகளே; 700 முதல் 1700 வரை இருநூறு இருநூறாக ஏறும் ஆறு அதிர்வெண்களில் எவையேனும் இரண்டு. இதில் மறைவு ஏதுமில்லை. பெல் நிறுவனத்தின் ஆய்விதழே 1954-இலும் 1960-இலும் இவற்றையெல்லாம் விளக்கி அச்சிட்டது. நூலகத்திற் சென்று எவரும் படித்திருக்கலாம்.

சிலர் படித்தனர். இவ்வொலிகளை எழுப்பும் 'நீலப்பெட்டி' பிறந்தது. 1971 அக்டோபரில் எசுக்குவயர் என்னும் இதழ் அதனைப்பற்றி நெடுங்கட்டுரை வெளியிட்டது. அதனைப் படித்துக் கிளர்ச்சியுற்ற மாணவர் இருவர், சிடீவ் ஒசுனியாக்கும் சிடீவ் சாப்சும். ஒசுனியாக் முதலிற் செய்த பெட்டியின் ஒலி நிலையாக நிற்காமல் வழுக்கிற்று. எங்கள் பெட்டிக்கு வந்த அதே நோய்! பிறகு அவர் பளிங்கின் அதிர்வை எண்ணி எண்ணி ஒலியாக்கும் எண்முறைப் பெட்டியைச் செய்தார். அது வழுவாது ஒலித்தது. அன்று அவரிடம் நுண்கட்டுப்படுத்தி இல்லை. தனித்தனிச் சில்லுகளைக் கோத்துச் செய்தார். நீலப்பெட்டி இல்லையேல் ஆப்பிள் நிறுவனமே இருந்திராது என்ற பொருள்படச் சாப்சு பின்னாளிற் கூறினார்.

இரண்டு பாடங்கள்

இக்கதையைக் கேட்டு என் மாணவர்கள் கைதட்டினர். நான் அவர்களை நிறுத்தினேன். நீலப்பெட்டியால் பலர் கட்டணமின்றிப் பேசினர். பெட்டியை விற்றுப் பொருளீட்டியோரும் உண்டு. சிறை சென்றோரும் உண்டு. ஒரு கதவு எப்படித் திறக்கின்றது என்று அறிவது அறிவு. பிறன் வீட்டில் நுழைவது களவு. இரண்டையும் ஒன்றென்று மயங்குதல் கூடாது. எங்கிரேசியா என்னும் சிறுவனின் சீழ்க்கையில் நான் காண்பது களவை அன்று. கண்ணில்லாத ஒரு பிள்ளை, கண்ணுள்ள பெரியவர்கள் கட்டிய வலையைக் காதால் தடவித் தடவி வடிவறிந்த வியப்பைக் காண்கின்றேன்.

மற்றொரு பாடம், கட்டியவர்களுக்கு உரியது. அவர்கள் அறிவிலிகள் அல்லர். ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்குத் தனிக்கம்பி போடும் செலவைத் தவிர்க்க, இருக்கும் வழியையே பயன்படுத்தினர். ஆயினும் ஆணையும் பேச்சும் ஒரே வழியிற் செல்ல, 'இதனைச் சொல்பவர் யார்' என்று வலை கேட்கவில்லை. தன் மொழியைப் பேசிய எவரையும் தன்னவர் என்று நம்பிற்று. திருத்தத்திற்கு ஒரே வழி, ஆணைக்கெனத் தனிப்பாதை அமைப்பது. 1976 முதல் அமெரிக்காவில் அது தொடங்கியது. மின்னசோட்டா மாநிலத்தின் வாவினா என்னும் சிற்றூரில் எஞ்சியிருந்த பழைய தடம் 2006 சூன் 15-ஆம் நாள் ஓய்ந்தது. கணிப்பொறி நிரல் எழுதும் இளைஞர்களே, பயனர் தட்டும் சொல்லும் நிரலின் ஆணையும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் இன்றும் இதே ஓட்டை விழுகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

விடை

இப்பெட்டியில் ஒரு மாற்றம் செய்தோம். பற்களின் எண்களை மட்டும் மாற்றி, பழைய இணைப்பகங்களின் ஆறு ஒலிகளையும் 2600-ஐயும் நிரலில் சேர்த்தோம். இதோ, இது 2600. ஒருகாலத்தில் கண்டத்தின் மறுகோடிவரை தடங்களைத் திறந்து மூடிய ஒலி. இன்று இவ்வொலியால் அத்தடங்களில் எதுவும் திறக்காது. இன்றைய கைப்பேசியில் நீங்கள் எண்ணை அழுத்தும்போதும், 'இந்த ஒலியை எழுப்பு' என்னும் செய்தியே வலைக்குச் செல்கின்றது. மறுமுனைக்குச் செல்லும் ஒலியை வலை தானே எழுப்பிக்கொள்கின்றது.

அப்படியானால், 'ஏன் பாடுபட வேண்டும்' என்ற வினா முன்னினும் வலுவாக எழுகின்றதன்றோ? விடை கூறுகின்றேன்.

கடையிற் கிடைக்கும் சில்லை வாங்கியிருந்தால், விளக்கு முதல் நாளே எரிந்திருக்கும். ஈரொலி ஏன் என்று நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். காலங்காட்டியில் நூற்றுக்கு நான்கு பிழை என்றால் என்ன என்று அறிந்திருக்க மாட்டோம். ஒரு மாணவன் தன் காதை நம்பி, ஆசிரியன் சொல்லை மறுத்து, உண்மையை நிலைநாட்டியிருக்க மாட்டான். விளக்கு எரியாத அந்த மூன்று நாள்களே எங்களுக்கு வாய்த்த பள்ளி.

நம் பையிலுள்ள கருவிகள் நமக்குத் தொண்டு செய்கின்றன. ஆனால் நம்மிடம் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்றையேனும் அடிமுதல் நுனிவரை அறிந்தவனுக்கு மற்றவை அச்சமூட்டா. திறந்து பார்க்கலாம், கேட்டறியலாம், பிழையைத் திருத்தலாம் என்னும் துணிவு வந்துவிடும். அத்துணிவை எந்தக் கடையிலும் விலைக்குப் பெற இயலாது.

மாணவத் தோழர்களே, இப்பெட்டி கூட்டம் முடிந்தபின் இங்கேயே இருக்கும். மூடியை ஆணியடித்து மூடவில்லை. வந்து திறந்து பாருங்கள். பற்றாசு வைத்த தம்பி பக்கத்தில் நிற்பான். உங்கள் வினாக்களுக்கு அவனே விடை சொல்வான். அவன் காது என் கையேட்டினும் நம்பத்தக்கது.